ஒரே வேலை, இரண்டு பதில்கள்

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம்)



பட்டுக்கோட்டைப் பக்கம் எந்தப் பங்கில் ஞாயிறு திருப்பலி முடிந்தாலும், குருவானவரிடம் தனியாகப் பேச ஒருவராவது காத்திருப்பார். "சாமி, இந்த வேலையை விட்டுட்டு அந்த வேலைக்குப் போகலாமா?" கேட்பவர் தனியார் பள்ளி ஆசிரியையாக இருக்கலாம். வாரத் தவணை வசூலுக்குப் போகும் இளைஞராக இருக்கலாம். சில நேரம் மனைவி வந்து கேட்பார்: "சிங்கப்பூருக்குக் கூப்பிடுறாங்க. இவரை அனுப்பலாமா சாமி?"

சிலர் கேட்பதோடு நிற்பதில்லை. இரண்டு துண்டுக் காகிதத்தில் 'போகலாம்', 'வேண்டாம்' என்று எழுதி, மாதா பாதத்தில் வைத்து, சின்னப் பிள்ளையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்கிறார்கள். திருத்தூதர்களே சீட்டுப் போட்டுத்தானே மத்தியாவைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று எனக்கே விவிலியம் சொல்பவர்களும் உண்டு. உண்மைதான். ஆனால் திருத்தூதர் பணிகள் முதல் அதிகாரத்தை முழுதாக வாசியுங்கள். யோவானின் திருமுழுக்கு முதல் இயேசுவோடு இருந்தவர் யார், உயிர்ப்புக்குச் சாட்சி சொல்லக்கூடியவர் யார் என்று முதலில் யோசித்தார்கள், விசாரித்தார்கள், இருவரை நிறுத்தினார்கள், மன்றாடினார்கள். சீட்டு கடைசியில்தான் வந்தது. நாமோ யோசிப்பதை விட்டுவிட்டுச் சீட்டை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

சரி, இயேசு என்ன சொல்கிறார்? லூக்கா நற்செய்தியில் வரிதண்டுபவர் இருவரை அவர் சந்திக்கிறார். ஐந்தாம் அதிகாரத்தில் லேவி. சுங்கச்சாவடியில் உட்கார்ந்திருந்தவரை இயேசு கூப்பிட்டார்; அவர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு எழுந்து போனார். பத்தொன்பதாம் அதிகாரத்தில் சக்கேயு, எரிகோவின் வரிதண்டுவோருக்குத் தலைவர். அவரையும் இயேசு பெயர் சொல்லிக் கூப்பிட்டார், வீட்டுக்குப் போனார். ஆனால் வேலையை விடச் சொன்னதாக லூக்கா எழுதவில்லை. சக்கேயு தம் சொத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கிறார். ஏமாற்றி வாங்கியிருந்தால் நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொல்கிறார். அந்த வீட்டுக்கு மீட்பு வந்துவிட்டது என்று ஆண்டவர் மகிழ்கிறார்.

ஒரே வேலை. ஒருவர் எழுந்து போக வேண்டியிருந்தது. மற்றவர் மனம் மாறினார், வேலையை விடச் சொல்லி அவருக்குக் கட்டளை வரவில்லை. ஆகையால், பக்கத்து வீட்டுக்காரர் துபாய் போய் மாடி வீடு கட்டினார் என்பதற்காக நீங்கள் போக வேண்டும் என்பதில்லை. அண்ணன் ஊரோடு இருந்து நன்றாக இருக்கிறார் என்பதற்காகத் தம்பி இருந்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை.

வசூலுக்குப் போகிற தம்பிக்கு இது பொருந்தும். வரிதண்டுவோர் திருமுழுக்கு யோவானிடம் வந்து நாங்கள் என்ன செய்வது என்று கேட்டபோது, குறித்ததற்கு மேல் வாங்காதீர்கள் என்றுதான் அவர் சொன்னார். நேர்மையாக அந்த வேலையைச் செய்ய முடியுமானால் செய்யுங்கள். ஆனால் தவணை கட்ட முடியாத பெண்ணின் வாசலில் இருட்டும்வரை உட்கார்ந்து, நாலு பேர் கேட்கப் பேசிவிட்டு வா என்று மேலாளர் சொன்னால், அது லேவியின் சுங்கச்சாவடி. எழுந்துவிடுங்கள்.

பீடத்தில் நின்று இதைச் சொல்வது எனக்குச் சுலபம். எனக்கு வீட்டு வாடகை இல்லை, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் இல்லை. அதனால் பங்கு மக்களுக்கும் ஒன்று சொல்கிறேன். மனச்சாட்சிக்காக வேலையை விட்டு வருகிறவருக்குக் கடை வைத்திருப்பவர், பட்டறை வைத்திருப்பவர், லாரி வைத்திருப்பவர் ஓர் இடம் கொடுங்கள். அவருக்காக மன்றாட்டு வாசித்தால் மட்டும் போதாது.

நம் பகுதியில் பலருக்கு, வேலையை மாற்றிக்கொள்ளலாமா என்று யோசிக்கும் வாய்ப்பே கிடைக்கவில்லை. 2018 நவம்பர் 16 விடியற்காலையை நான் நினைவூட்டத் தேவையில்லை. கஜா புயல் அடித்து ஓய்ந்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கங்களில் தென்னை லட்சக்கணக்கில் சாய்ந்து கிடந்தது. மரம் ஒன்றுக்கு 1,100 ரூபாய் இழப்பீடு வந்தது. அதில் விழுந்த மரத்தை வெட்டி அகற்றும் கூலியும் அடக்கம். புதுக் கன்று வைத்தால் நாட்டு ரகம் காய்க்க ஆறேழு வருஷம். அதுவரை அடுப்பு எரிய வேண்டுமே! தோப்புக்கு முதலாளியாக இருந்தவர் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனார். தேங்காய் உரித்தவர் கட்டட வேலைக்குப் போனார்.

இதில் வருமானக் குறைவை விட அதிகமாக வலித்தது ஒன்று உண்டு: "தோப்புக்காரர்" என்று ஊர் கூப்பிட்ட பெயர் போனது. ஆண்டவர் உங்களை அந்தப் பெயரால் அழைக்கவில்லை. திருமுழுக்கில் அழைத்த பெயர் வேறு. அது புயலில் விழவில்லை. நம் மண்ணைப் பாருங்கள். வானம் பார்த்தும் ஏரி குளத்தை நம்பியும் கிடந்த பூமி இது. 1934இல் மேட்டூர் அணை முடிந்து, கல்லணைக் கால்வாயில், அதாவது நம் புது ஆற்றில், தண்ணீர் வந்தபோது இது நெல் வயல் ஆனது. பிறகு எத்தனையோ வயல் தென்னந்தோப்பு ஆனது. நிலமே இத்தனை முறை வேலை மாறியிருக்கிறது. மணிமண்டபம் கட்டி நாம் கொண்டாடும் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் பாட்டு எழுத வருவதற்கு முன் பதினேழு தொழில் பார்த்தவர் என்று சொல்வார்கள். வாழ்ந்ததே 29 வருஷம்தான்.

புனித பவுலுக்கு வருவோம். கொரிந்தில் அவர் அக்கிலா, பிரிஸ்கில்லா வீட்டில் தங்கி அவர்களோடு கூடாரம் செய்தார். அந்தத் தம்பதி யார்? கிலவுதியு பேரரசர் யூதர்களை உரோமையை விட்டு வெளியேறச் சொன்னதால் பிழைப்புத் தேடி வந்தவர்கள். இன்றைய பேச்சில் சொன்னால், இடம் பெயர்ந்த குடும்பம். அவர்கள் வீட்டுத் தொழிற்கூடத்திலிருந்து கொரிந்துத் திருச்சபை வளர்ந்தது.

இனி, மாற்றத்தைத் தாமே முடிவு செய்ய வேண்டியவர்களுக்கு. இதில் எனக்குத் தெரிந்த நல்ல ஆசிரியர் புனித இஞ்ஞாசியார். அவரே வேலை மாறியவர்தான். படைவீரராக இருந்து, 1521இல் பம்பலோனாவில் பீரங்கிக் குண்டு காலை உடைத்தபின் அவர் பாதை மாறியது. முப்பதைத் தாண்டிய வயதில் பார்சலோனாவில் சிறு பையன்களோடு உட்கார்ந்து இலத்தீன் படித்தார். நாற்பது வயதில் கணினி கற்கக் கூச்சப்படுகிறவர்கள் இதைக் கேட்டுக்கொள்ளட்டும்.

அவருடைய 'ஆன்மீகப் பயிற்சிகள்' நூலில் ஒரு விதி உண்டு. மனம் இருண்டு, சோர்ந்து, வறண்டு கிடக்கும் நேரத்தில், முன்பு தெளிவாக இருந்தபோது எடுத்த முடிவை மாற்றக் கூடாது. மேலாளர் திட்டிய அன்று ராஜினாமாக் கடிதம் எழுதாதீர்கள். மைத்துனர் குத்திக் காட்டிய இரவில் முகவருக்கு முன்பணம் கட்டாதீர்கள். மனம் அமைதியான ஒரு நாளில் யோசியுங்கள். அப்போதும் மாற வேண்டும் என்றே தோன்றுகிறதா? அந்த எண்ணத்தை நம்பலாம்.

எப்படி யோசிப்பது என்றும் அவர் சொல்லித் தருகிறார். முன்பின் தெரியாத ஒருவர் இதே நிலைமையில் வந்து உங்களிடம் கேட்டால் என்ன ஆலோசனை சொல்வீர்கள்? அதையே நீங்கள் செய்யுங்கள். சாகும் நேரத்தில் நின்று திரும்பிப் பார்த்தால் எந்த முடிவை எடுத்திருக்க விரும்புவீர்கள்? கூடுதலாக வரும் பத்தாயிரமா, பிள்ளைகள் வளர்ந்த அந்த எட்டு வருஷமா? சிலருக்கு அந்தப் பத்தாயிரம்தான் அம்மாவின் டயாலிசிஸ் செலவு. அதையும் ஆண்டவர் அறிவார். கணக்கை நீங்கள்தான் போட வேண்டும். தனியாகப் போடாதீர்கள், இங்கே இருந்து குடும்பத்தைச் சுமக்கப் போகிறவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போடுங்கள்.

மறையுரையில் இது எதற்கு என்று நினைக்க வேண்டாம்: வெளிநாடு போகிறவர்கள் முகவரின் பதிவு எண்ணை அரசின் இ-மைகிரேட் தளத்தில் சரிபாருங்கள். பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும். சுற்றுலா விசாவில் வேலைக்குப் போகாதீர்கள். இதையெல்லாம் பார்க்காமல் ஜெபமாலை மட்டும் சொல்லிவிட்டு விமானம் ஏறுவதை விசுவாசம் என்று நான் சொல்ல மாட்டேன்.

முடிவு எடுத்த பிறகு எப்படி விட்டுப் போவது? எலிசா பன்னிரண்டு ஏர் மாடு பூட்டி உழுதுகொண்டிருந்தபோது எலியா தம் மேலாடையை அவர்மேல் போட்டார். எலிசா தாய் தந்தையிடம் விடைபெற அனுமதி கேட்டார். பிறகு தம் ஏர்மாடுகளை அடித்து, கலப்பை மரத்தையே விறகாக்கிச் சமைத்து, கூட இருந்தவர்களுக்குச் சாப்பாடு போட்டுவிட்டுக் கிளம்பினார். நம்மில் சிலர் கைமாற்றுக் கடனைத் திருப்பாமல், முதலாளியிடம் சொல்லாமல், இரவோடு இரவாகப் பஸ் ஏறிவிடுகிறோம். பழைய இடத்தில் உப்புத் தின்றதற்கு ஒரு மரியாதை உண்டு.

கடைசியாக, போய்விட்டுத் திரும்பி வந்தவர்களைப் பற்றி. முகவர் ஏமாற்றியிருக்கலாம், கம்பெனி மூடியிருக்கலாம், உடம்பு ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கலாம். வெறுங்கையோடு வந்ததால் கோவிலுக்கு வரவே கூசுகிறார்கள். வந்தாலும் பின்வாசல் ஓரம் நின்றுவிட்டுச் சமாதானம் சொல்லும் முன்பே போய்விடுகிறார்கள்.

யோவான் 21ஆம் அதிகாரத்தில் பேதுரு, நான் மீன் பிடிக்கப் போகிறேன் என்று கிளம்புகிறார். விட்டுவிட்டு வந்த பழைய வேலை. இரவு முழுக்க ஒன்றும் அகப்படவில்லை. விடியும்போது கரையில் இயேசு நிற்கிறார். ஏன் திரும்பிப் போனாய் என்று அவர் கேட்கவில்லை. வலையை எந்தப் பக்கம் போட வேண்டும் என்று சொன்னார். அவர்கள் கரைக்கு வந்தபோது கரி நெருப்பும், அதன்மேல் மீனும், அப்பமும் தயாராக இருந்தன. அதோடு, அவர்கள் அப்போது பிடித்த மீனிலும் சிலவற்றைக் கொண்டுவரச் சொன்னார்.

வருகிற ஞாயிறு பின்வாசல் ஓரம் யாராவது நின்றால், பக்கத்தில் இருப்பவர்கள் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுங்கள். எவ்வளவு சம்பாதித்தாய் என்று அன்றைக்குக் கேட்க வேண்டாம்.