கடைக்காரர் மறுமுறை கேட்க வேண்டும்

(சிங்காநல்லூரில் சுற்று வட்டாரப் பஞ்சாயத்து உறுப்பினர்களும், உழவர்களும், மகளிர் சுய உதவிக் குழுவினரும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஒருவர் ஆற்றிய உரை)



இந்தச் சிங்காநல்லூர் முன்பு தனி ஊராக இருந்து, 1981-ல் கோயமுத்தூர் மாநகராட்சியோடு இணைந்தது. எனினும் சுற்றுப்புற உழவர்களுக்கு இவ்வூர் இன்றும் சொந்த ஊர் போன்றதே. அதற்குக் காரணம் இங்குள்ள உழவர் சந்தை. 1999-ஆம் ஆண்டு நவம்பர் 14-ஆம் நாள் மதுரையில் தொடங்கப்பெற்ற அத்திட்டத்தினால், உழவர் தம் காய்கறியைத் தரகர் இன்றித் தாமே விற்று, ரொக்கத்துடன் வீடு திரும்ப வழி ஏற்பட்டது.

சந்தையில் உழவர் பொருளுக்குப் பக்கத்திலேயே நிற்கிறார். வாங்குபவர் கேட்டால் பதில் சொல்கிறார். தக்காளியும் தன் தரத்தைத் தானே காட்டிவிடுகிறது. ஆனால் அதே உழவர் வீட்டு மல்லியையும் மிளகாயையும் அரைத்து, பொட்டலம் கட்டி, ஒரு பெயரும் இட்டு மளிகைக் கடையில் வைத்தால், பக்கத்தில் நின்று பேச நாம் இருக்கமாட்டோம். ஏற்கெனவே பெயர் பெற்ற பத்துப் பொட்டலங்களுக்கு நடுவே நம் பொட்டலம் தனியே நிற்க வேண்டும். அதற்கு என்ன வழி என்பதே இன்றைய பேச்சு.

முதலில் நம் தவறு ஒன்றைச் சொல்லிவிடுவது முறை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கிராமத்தில் பன்னிரண்டு பெண்கள் சேர்ந்த குழு ஒன்று, வங்கிக் கடன் பெற்றுச் சாம்பார்ப் பொடியும் மல்லிப் பொடியும் செய்தது. பொடி நல்ல பொடி, அதில் ஐயமில்லை. நாமே ஜீப்பில் ஏறி ஏழு கடைகளுக்குச் சென்று, வைத்து விற்கும்படி கேட்டுக்கொண்டோம். ஒருவரும் மறுக்கவில்லை. கடைக்கு இருபதாக நூற்று நாற்பது பொட்டலங்கள் ஒரே நாளில் வைத்தாயிற்று. நாமும் மகிழ்ந்து அறிக்கை எழுதினோம்.

மூன்று மாதம் கழித்துப் பணம் வாங்கப் போனபோது, நூற்றுக்கு மேற்பட்ட பொட்டலங்கள் தூசு படிந்து கிடந்தன. "ஐயா, நீங்க சொன்னீங்கன்னு வெச்சோமுங்க, கேக்கறதுக்கு ஆளில்லீங்க" என்றார் ஒரு கடைக்காரர். அதற்குள் அப்பெண்கள் விற்பனையை நம்பி மேலும் மிளகாய் வாங்கிவிட்டனர். கடன் தவணையோ நிற்கவில்லை. கூலி வேலைக்குப் போய் அதைக் கட்டினார்கள். ஜீப்புக்குக் கிடைத்த மரியாதையைப் பொடிக்குக் கிடைத்த வரவேற்பு என்று எண்ணியது நம் குற்றம்.

கடைக்காரர் ஒருமுறை வாங்கி வைப்பது விற்பனை ஆகாது. தீர்ந்துவிட்டது, இன்னும் வேண்டும் என்று அவர் மறுமுறை கேட்பதே விற்பனை. அவ்வாறு கேட்பதற்கு முன் அவர் மனத்தில் நான்கு கேள்விகள் எழும். இதை யார் கேட்பார்கள்? எனக்கு என்ன மிஞ்சும்? விற்காவிட்டால் என்ன செய்வது? தீர்ந்தால் வருவீர்களா?

முதற் கேள்விக்குக் கடலூரிலிருந்து விடை கிடைக்கிறது. அங்குச் சின்னிகிருஷ்ணன் என்பவர், ஏழைகளும் வாங்கும்படி பொருள்களைச் சிறு பொட்டலங்களில் அடைத்து விற்க முனைந்தார். அவர் மகன் சி. கே. ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாய் முதலுடன் சிக் ஷாம்பூவைத் தொடங்கினார். எந்த நிறுவனத்தின் ஷாம்பூ உறையாயினும் ஐந்து காலி உறைகளைக் கடையில் கொடுத்தால் ஒரு சிக் உறை இலவசம் என்று அறிவித்தார். மக்கள் பழகியபின், சிக் உறைகளைக் கொண்டுவந்தால் மட்டுமே இலவசம் என்று மாற்றினார். ஆகவே கடைக்காரரிடம் அந்தப் பெயரைக் கேட்டவர்கள் வாங்குவோரே. நம் குழுவுக்கு அவ்வளவு முதல் இல்லை. எனினும் ஒரு தெருவில் இருபது வீடுகளுக்கு ஒரு வேளைக்குரிய பொடியைக் கொடுத்து, இது இன்ன கடையில் கிடைக்கும் என்று சொல்ல முடியும். எழுபது கடைகளில் சிதறுவதைவிட, இரண்டு கடைகளைச் சுற்றியுள்ள வீடுகளை அறிவது மேல்.

நம் கொங்கு நாட்டிலேயே மற்றொரு சான்று உண்டு. பெருந்துறைப் பகுதியைச் சேர்ந்த பி. சி. துரைசாமி 1975-ல் சிறு அளவில் மஞ்சள் வாணிகம் தொடங்கினார். மஞ்சள் தூளும், பிறகு மிளகாய், மல்லித் தூளும், அதன்பின் மசாலாப் பொடிகளும் என்று படிப்படியாகச் சக்தி மசாலா வளர்ந்தது. தாம் நன்கறிந்த மண்ணின் விளைபொருளில் தொடங்கினார். அதுவே நாம் கொள்ளத்தக்க பாடம்.

இரண்டாவது, கணக்கு. ஒரு பொட்டலத்துக்கு நம் கூலியும் வண்டிச் செலவும் உட்பட 34 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். கடைக்கு 40 ரூபாய்க்குத் தர எண்ணுகிறோம். கடைக்காரர் நூற்றுக்கு இருபது கேட்கிறார். பலர் நாற்பதுக்கு இருபது சதவீதம் கூட்டி 48 என்று விலை அச்சிடுகின்றனர். அவர் கேட்பதோ விற்கும் விலையில் இருபது. அவர் 9 ரூபாய் 60 காசு கழித்தால் நமக்கு 38 ரூபாய் 40 காசே வரும். ஆறு ரூபாய் இலாபத்தில் 1 ரூபாய் 60 காசு போய்விடும். விலையை 50 என்று வைத்தால் அவருக்குப் பத்து, நமக்கு நாற்பது. அந்த விலைக்கு மக்கள் வாங்குவார்களா என்பதையும் அச்சடிக்கும் முன்பே பார்க்க வேண்டும்.

மூன்றாவது, விற்காததைக் கெடுநாளுக்கு முன்பே நாமே திரும்ப எடுத்துக்கொள்வோம் என்று உறுதி கூற வேண்டும். இருபது வைக்காமல் ஆறு வைத்தால் அந்த நட்டம் தாங்கக் கூடியதே. நான்காவது, வாரத்தில் ஒரே கிழமையில் தவறாமல் போக வேண்டும். வைத்தது, விற்றது, மீதி, வந்த பணம் ஆகிய நான்கையும் ஒரு நோட்டில் எழுதுவது அவசியம்.

பொட்டலத்தின் மேல் தயாரித்தவர் பெயர், முகவரி, நிகர எடை, மாதமும் ஆண்டும், வரிகள் உட்பட்ட அதிகபட்ச விலை, குறை சொல்ல வேண்டிய தொலைபேசி எண், உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் ஆகியவை இருத்தல் வேண்டும். இவை இல்லாத பொருளை வைத்தால் கடைக்காரருக்கும் தொல்லை. பெரிய அங்காடிகள் பார்கோடும் கேட்கும், கடனும் கேட்கும். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டப்படி, உத்யம் பதிவு பெற்ற சிறு உற்பத்தியாளருக்கு, தவணை பேசியிருந்தாலும் 45 நாட்களுக்குள் பணம் தந்தாக வேண்டும். எனினும் அத்தனை நாள் தாங்கும் முதல் கையில் சேரும்வரை சிறு கடைகளே நமக்கு ஏற்றவை.

பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் செல்வாக்கைக் காட்டிக் கடைக்காரரை இணங்க வைக்காதீர்கள். பொட்டலம் கட்ட ஈரமில்லாத ஓர் அறையைக் குழுவுக்குத் தேடிக் கொடுங்கள். உங்கள் வீட்டுக்கு வேண்டிய பொடியை, விலை கொடுத்து, அந்தக் கடையிலேயே பெயர் சொல்லி வாங்குங்கள்.

அந்தப் பன்னிரண்டு பேரில் ஐவர் விலகிவிட்டனர். எஞ்சிய எழுவர் இரண்டு கடைகளில் ஆறு ஆறு பொட்டலம் வைத்து, வியாழன்தோறும் சென்று வந்தனர். மற்ற ஐந்து கடைக்காரர்கள் மீண்டும் இணங்கவில்லை. நான்காவது மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, இருவரில் ஒரு கடைக்காரர் தாமே தொலைபேசியில் அழைத்து, "வியாழன்வரைக்கும் தாங்காதுங்க, நாளைக்கே கொண்டாங்க" என்றார். அன்று நாம் அறிக்கை எழுதவில்லை. ஆனால் விற்பனை தொடங்கியது அன்றுதான்.