ஒரு நிமிடம் முழுவதும்

(முன்னாள் மாணவியர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"பச்சிளங் குழந்தைகள், சிறு குழந்தைகள்: செவிலியர் மதிப்பீடும் பராமரிப்பும்" என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். டியூட்டராக இருந்த தோழிகள் யாராவது பேசியிருந்தால் வரிசையாகப் பாடமாகவே எடுத்திருப்பார்கள். நான் 1982-இல் வேலையில் சேர்ந்து 2018-இல் ஓய்வு பெறும்வரை பெரும்பாலும் குழந்தைகள் வார்டிலேயே காலம் தள்ளியவள். மேடைப் பேச்சு வராது. அதனால் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைப் பற்றித்தான் பேசப் போகிறேன். குழந்தையின் மூச்சை எண்ணுவது.

சிரிக்கிறீர்கள். இது முதல் வருடப் பாடம்தானே என்று. நம் டியூட்டர் அம்மா கட்டில் பக்கத்தில் நிற்க வைத்து எண்ணச் சொல்வார்கள், நினைவிருக்கிறதா? பதினைந்து செகண்டு எண்ணி நாலால் பெருக்கினால் கேப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஹாஸ்டலுக்குப் போ என்பார்கள். கைக்குழந்தை பெரியவர்கள் மாதிரி சீராக மூச்சு விடாது. வேகமாக நாலு விடும், சற்று நிற்கும், மறுபடி விடும். பதினைந்து செகண்டில் நமக்குக் கிடைப்பது அந்த வேகமா, அந்த நிறுத்தமா என்று யாருக்குத் தெரியும்? அதனால் ஒரு நிமிடம் முழுவதும் எண்ண வேண்டும்.

படித்தோம், பரீட்சையில் எழுதினோம், மார்க் வாங்கினோம். அப்புறம் வார்டுக்குப் போனோம். முப்பது கட்டில், அறுபது குழந்தை, நைட் டியூட்டிக்கு ஒரே ஸ்டாஃப். டி.பி.ஆர். சார்ட்டில் மூச்சுக் கட்டத்தில் என்ன எழுதினோம்? 24, 24, 26, 24. மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்கள். அந்த வார்டில் இருந்த எல்லாக் குழந்தைகளும் ஒன்றாகக் கூடிப் பேசி வைத்துக்கொண்டா 24 விட்டார்கள்?

1986-இல் ஓர் இரவு. ஊர், மருத்துவமனை எதுவும் வேண்டாம். எட்டு மாத ஆண் குழந்தை, சளி, காய்ச்சல் என்று சாயங்காலம் சேர்த்திருந்தார்கள். இரவு இரண்டு மணி இருக்கும். அந்தத் தாய் மேஜைக்கு வந்து நின்றாள். "சிஸ்டர், புள்ளைக்கு வயிறு எக்கி எக்கி வாங்குது. வந்து பாருங்களேன்" என்றாள். நான் அப்போதுதான் பக்கத்துக் கட்டில் குழந்தைக்கு ட்ரிப் மாற்றிவிட்டு வந்து உட்கார்ந்திருந்தேன். "சளி இருந்தா அப்படித்தாம்மா இருக்கும். காலையில டாக்டர் வருவாங்க, போய்ப் படு" என்றேன். அவளும் போய்விட்டாள். நான் சார்ட்டில் 28 என்று எழுதினேன். மற்றவர்களுக்கு 24 போட்டவள் இந்தக் குழந்தைக்கு மட்டும் நாலு கூட்டிப் போட்டிருக்கிறேன் பாருங்கள். ஏதோ சரியில்லை என்று என் கைக்குத் தெரிந்திருக்கிறது. ஆனாலும் எழுந்து போகவில்லை.

காலையில் டாக்டர் வந்தார். சட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, வாட்சைப் பார்த்தபடி பேசாமல் நின்றார். 68. மூச்சு இழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்ளே குழிந்தது. சார்ட்டைக் கையில் வாங்கினார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. ஆக்சிஜன் வைத்து, ஊசி போட்டு, பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினோம். அந்தக் குழந்தை பிழைத்ததா என்று எனக்குத் தெரியாது. இரண்டு முறை விசாரிக்கக் கிளம்பிவிட்டுப் போகாமல் இருந்திருக்கிறேன். போயிருந்தால் தெரிந்திருக்கும்.

நம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி டாக்டர்கள் 1988-இல் 'லான்செட்' பத்திரிகையில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். எக்ஸ்ரே வசதி இல்லாத இடத்தில், குழந்தையின் சளி நுரையீரலுக்கு இறங்கிவிட்டதா என்று எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது என்பது கேள்வி. ஒரு வயதுக்குள் நிமிடத்துக்கு 50-க்கு மேல் மூச்சு, ஒரு வயதுக்கு மேல் மூன்று வயதுக்குள் 40-க்கு மேல், நெஞ்சு உள்ளே இழுப்பது இவையெல்லாம் நம்பத்தக்க அடையாளங்கள் என்று கண்டார்கள். இன்னொன்றும் அந்தப் பட்டியலில் இருந்தது. "குழந்தை வேகமா மூச்சு விடுது" என்று வீட்டார் சொல்வது. அதுவும் ஓர் அடையாளம். எனக்கு அது பல வருடம் கழித்து ஒரு பயிற்சியில்தான் தெரிய வந்தது. கேட்டுவிட்டு அன்று மத்தியானம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இன்று தங்கைகள் ஐ.எம்.என்.சி.ஐ. பயிற்சியில் படிக்கும் எண்களும் இவைதான். இரண்டு மாதத்துக்குள் 60 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50 அல்லது மேல், ஒரு வயது முதல் ஐந்து வயதுக்குள் 40 அல்லது மேல். இரண்டு மாதத்துக்குள் இருக்கும் சிசுவுக்கு 60 வந்தால் இன்னொரு முறை எண்ண வேண்டும்.

எப்போது எண்ணுவது என்பதில்தான் கைப்பழக்கம் இருக்கிறது. குழந்தையைத் தொட்டுவிட்டால் காரியம் கெட்டது. அழ ஆரம்பித்தால் எண்ணிக்கை பொய். அதனால் அம்மா மடியில் இருக்கும்போதே, இரண்டடி தள்ளி நின்று, சட்டையை அம்மாவையே தூக்கச் சொல்லி எண்ணிவிட வேண்டும். பால் குடிக்கும்போது எண்ணக் கூடாது. தூங்கினால் எழுப்பாமல் எண்ணலாம். மூச்சு முடிந்த பிறகுதான் கை வைப்பது. காது, தொண்டை, ஊசி இதெல்லாம் கடைசி. சில பேர் உள்ளே நுழைந்ததுமே தெர்மாமீட்டரைச் சொருகிவிட்டு, "இந்தக் குழந்தை கோஆபரேட் பண்ணல" என்று ரிப்போர்ட் எழுதுகிறார்கள். எட்டு மாதத்துக் குழந்தை எப்படியம்மா கோஆபரேட் பண்ணும்?

இப்போது விரலில் கிளிப் மாட்டினால் ஆக்சிஜன் அளவும் நாடியும் வந்துவிடுகிறது. நல்ல சாதனம், எங்கள் காலத்தில் இருந்திருந்தால் கும்பிட்டிருப்போம். ஆனால் அந்தச் சாதாரண கிளிப் மூச்சை எண்ணாது. குழந்தை படாத பாடு பட்டு மூச்சு வாங்கிக்கொண்டு இருக்கும்போதும் ஆக்சிஜன் அளவு சில நேரம் நன்றாகவே காட்டும்.

அம்மாக்கள் சொல்லும் பாஷையையும் நாம் படித்துக்கொள்ள வேண்டும். "உச்சிக்குழி விழுந்துடுச்சு" என்று பாட்டி சொன்னால் நம்மில் பலருக்குச் சிரிப்பு. விளக்கெண்ணெய் வைத்துக்கொண்டு வந்திருப்பார்கள். எண்ணெயால் பயன் இல்லை என்பது உண்மை. ஆனால் வயிற்றுப்போக்கில் உச்சிக்குழி உள்ளே போவது நீர்ச்சத்துக் குறைவின் அறிகுறி என்று நம் புத்தகத்திலேயே இருக்கிறதே. பாட்டி சரியாகத்தான் பார்த்திருக்கிறாள். கண் உள்ளே போயிருக்கிறதா, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகத் திரும்புகிறதா என்று நாம் பார்த்து, எடை போட்டு, உப்புச் சர்க்கரைக் கரைசலை ஆரம்பிக்க வேண்டியதுதான். ஓரளவு நீர்ச்சத்துக் குறைவு என்றால் கிலோவுக்கு 75 மில்லி, நாலு மணி நேரத்தில். எட்டுக் கிலோ குழந்தைக்கு 600 மில்லி. அதைக் கரண்டி கரண்டியாகக் கொடுக்கப் போவதும் அந்தப் பாட்டிதான், அவளைத் திட்டி அனுப்பினால் யார் கொடுப்பார்கள்? அதேபோல "பால் குடிக்கல", "துவண்டு கிடக்குது", "குடிச்சதெல்லாம் கக்குது", "வெட்டி இழுத்துச்சு" இந்த நாலில் ஒன்றைக் கேட்டாலும் உட்கார்ந்திருக்கிற நாற்காலியை விட்டு எழுந்துவிட வேண்டும்.

ஒரு சம்பவத்தோடு முடிக்கிறேன். போன வருடம் வெளியூரிலிருந்து மருமகள் போன் செய்தாள். பேத்திக்கு அப்போது ஏழு மாதம். "அத்தை, பாப்பா கொஞ்சம் வேகமா மூச்சு விடுற மாதிரி இருக்கு. எனக்குத்தான் அப்படித் தோணுதோ என்னமோ" என்றாள். "உனக்குத் தோணினா போதும். தூங்குறாளா? சட்டையைத் தூக்கிவிட்டு ஒரு நிமிஷம் முழுசா வீடியோ எடுத்து அனுப்பு" என்றேன். பழைய செகண்டு முள் வாட்சை எடுத்துக்கொண்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எண்ணினேன். 56. நம்பாமல் மறுபடி எண்ணினேன். 56. "இப்பவே கிளம்பும்மா, விடியட்டும்னு இருக்காதே" என்றேன். அப்போதும் மணி இரண்டுதான். நாலு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து அனுப்பினார்கள். இதோ, மூன்றாவது வரிசையில் அவள் மடியில் உட்கார்ந்து, இந்தக் கல்லூரி மலரைக் கிழித்துக்கொண்டிருப்பது அந்தப் பேத்திதான்.

சாப்பாட்டுப் பந்திக்கு இலை போட்டுவிட்டதாகச் சீட்டு வந்திருக்கிறது.