காற்று திரும்பிய நேரம்



அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், ராக்கி மலையின் உயரப் பகுதிகளில், செப்டம்பரில் மான் வேட்டைக்கு ஒரு சிறு பருவம் உண்டு. நினைத்தவுடன் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு கிளம்ப முடியாது. மனுப் போட வேண்டும், குலுக்கலில் பெயர் விழ வேண்டும். பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் மேலாடையும் தொப்பியும் கட்டாயம். 2016 முதல் ரோஸ் நிறமும் செல்லும். மான் பார்த்துவிடாதா? அதன் கண்ணுக்கு ஆரஞ்சு எடுப்பாகத் தெரியாது. அந்த நிறம் மற்ற வேட்டைக்காரர்கள் சுட்டுவிடாமல் இருக்க!

மூக்குதான் வில்லங்கம். 11,000 அடிக்கு மேல், மரங்கள் நின்றுபோகும் இடத்தில் மியூல் மான் மேயும். கழுதைக் காது, கொம்பில் இன்னும் உரியாத மெத்தென்ற தோல். மேலே பாறை மறைவில் வேட்டைக்காரர். விடிகாலையில் குளிர்காற்று சரிவில் கீழே இறங்கும். மனித வாடையையும் மானிடம் சேர்த்துவிடும். வெயில் ஏறினால் காற்று மேல்நோக்கித் திரும்பும். அதற்காகக் காத்திருந்து, முழங்காலும் முழங்கையும் தேய ஊர்ந்து இறங்குகிறார். பாழாய்ப்போன மேகம் ஒன்று சூரியனை மறைக்கிறது. காற்று மறுபடி கீழே. மான் தலை நிமிர்கிறது; நாலு காலும் ஒருசேரத் தரையை உதைக்க, துள்ளித் துள்ளி மேட்டைத் தாண்டிவிடுகிறது.

மத்தியானம் இடி. ஒதுங்க ஒரு மரம்கூட இல்லாத இடத்தில் மின்னலோடு வம்பு வேண்டாமென்று இறங்கிவிட வேண்டியதுதான். இதில் இன்னொரு கூத்து: இந்த வேட்டை அனுமதியை மனுவில் முதல் விருப்பமாகக் கேட்டு வாங்கியிருந்தால், குலுக்கலுக்காக வருடக்கணக்கில் சேர்த்த முன்னுரிமைப் புள்ளிகள் பூஜ்யமாகியிருக்கும். மான் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் ஒன்றுதான்!