உறவு கூறி அழைக்கும் மரபு
(திருக்குட நன்னீராட்டு விழாச் சொற்பொழிவு)



முன்பின் அறியாதவரைக் கண்ட அளவிலே உறவு கூறி அழைத்தல் தமிழ்நாட்டு முதியோர்க்கு இயல்பாய் அமைந்த பண்பாகும். வேலூரிலும் ஆம்பூரிலும் பேருந்தில் இடமின்றி நிற்கும் இளைஞனை, "இப்படி உட்காரப்பா" என்பார் ஒரு கிழவர். சுமையோடு வரும் பெண்ணை, "மெல்ல வா தாயீ" என்பாள் ஒரு மூதாட்டி. தெலுங்கு விரவிய இப்பகுதியில் 'நைனா' என்னும் சொல்லும், உருது பேசும் இல்லங்களில் 'பேட்டா' என்னும் சொல்லும் அதே பரிவோடு வழங்குகின்றன. முன்னது தந்தை என்றும், பின்னது மகன் என்றும் பொருள்படும்.

இதில் வியப்பு ஒன்று உண்டு. அப்பா, தாயீ, நைனா என்று மூத்தவரே இளையவரைத் தந்தையாகவும் தாயாகவும் அழைக்கின்றனர். தம் பெற்றோர் பெயரையே பேரப் பிள்ளைகட்கு இட்டு மகிழும் நாட்டில், பிள்ளையைப் பெற்றோராய்க் காணுதல் அரிதன்று. ஆண்டு தரும் உயர்வை முதியவர் தாமே இறக்கிவைத்து, இளையவர்க்கு அதனைச் சூட்டுகின்றனர். அன்பின் பணிவு இதுவன்றோ!

சீகாழியில் தம்மை வணங்கிய முதியவராகிய திருநாவுக்கரசரை, இளம்பிள்ளையாகிய ஞானசம்பந்தர் 'அப்பரே' என்றழைத்தார். 'அடியேன்' என்றார் அரசர். அன்பினால் எழுந்த அந்த ஒரு விளியே அப்பெரியார்க்குப் பெயராய் நிலைத்துவிட்டது.

1900ஆம் ஆண்டில் ஐடா ஸ்கடர் அம்மையார் வேலூரில் தொடங்கிய சிறு மருத்துவ நிலையம் பெரிய மருத்துவமனையாய் வளர்ந்து, வங்கம் முதலிய தொலைநாடுகளிலிருந்தும் நோயாளரை ஈர்க்கின்றது. மொழி அறியாது திகைக்கும் அவர்கட்கும், ஒரு பாட்டியின் "வாம்மா" என்னும் குரலில் உள்ள குளிர்ச்சி விளங்காமற் போவதில்லை.

ஆயினும், இவ்வன்பு எல்லார்க்கும் ஒருபடியாய்க் கிட்டியதா என்று எண்ணுதல் வேண்டும். தோல் பதனிட்டும் காலணி தைத்தும் பல்லாயிரவர் வாழும் நிலம் இது. தோலைத் தொட்டுழைத்த குலத்தாரை, அவர் நரைத்த முதியவரேயாயினும், 'டா' என்று ஒருமையில் விளித்த கொடுமை தமிழகத்து ஊர்களில் நெடுநாள் இருந்தது.

ஆதனூர் நந்தனார் ஆலயத்துப் பேரிகைகட்குத் தோலும் வாரும் அளித்தவர். அவர் தந்த தோலின் முழக்கம் கருவறை வரையிற் சென்றது. அவரோ வாயிற்புறத்தே நின்றார். தில்லைவாழந்தணர் அவரை 'ஐயரே' என்று விளித்ததாகச் சேக்கிழார் பெருமான் பாடுகின்றார். விளி உயர்ந்ததே, எனினும், எரி புகுந்த பின்னரே அவர் உள்ளே செல்ல நேர்ந்தது. சொல் இனிதாயிருந்தால் மட்டும் போதாது; அச்சொல்லின் வழியே கதவும் திறத்தல் வேண்டும் என்பதே அவ்வரலாறு உணர்த்தும் பாடம்.

1947இல் சென்னை மாகாணத்தில் இயற்றப்பெற்ற ஆலய நுழைவுச் சட்டம் இந்துக்கள் அனைவர்க்கும் வாயிலைத் திறந்தது. வாயிலைச் சட்டம் திறக்கலாம். "முன்னே வாப்பா, நன்றாகத் தரிசனம் செய்" என்று அழைத்தல் சட்டத்தால் இயலாது. அது மூத்தோர் நாவிற்கே உரிய திருப்பணி. கோபுரத்திற்குப் பொன் அளித்தோரும் மதிலுக்குக் கல் அளித்தோரும் இப்பணியையும் மேற்கொள்வாராக. செலவில்லாத இக்கொடையைச் செய்ய இயலாதார் எவரும் இலர். அன்னதானப் பந்தியில் அயலாரென்று எவரும் அமராதிருத்தலே குடமுழுக்கின் நிறைபயனாகும்.

திருச்சிற்றம்பலம்.