ஒரு வருடம் கொடுங்கள்

(தோட்ட மாதர் சங்கக் கூட்டத்தில் நமது சங்கத்தின் கல்விப் பிரிவைச் சேர்ந்த தோழி ஒருவர் ஆற்றிய உரை.)

வாசலில் நின்றுகொண்டிருக்கும் அண்ணன்மார்களே,

நிற்பவர்கள் உள்ளே வந்து உட்காருங்கள். மாதர் சங்கக் கூட்டம் என்றாலும் ஆண்களுக்குக் கதவு பூட்டியில்லை. பேசப்போவது பிள்ளைகளைப் பற்றி. அது இரண்டு பேருக்கும் பொதுவான கணக்கு.

ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் உங்களுக்குக் கையில் கிடைக்கிற நாள். துணி கிடக்கும், விறகு பொறுக்க வேண்டும், டவுனுக்குப் போய்ச் சாமான் வாங்க வேண்டும். அதை நான் மறக்கவில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

சாதாரண தரப் பெறுபேறு வந்துவிட்டது. நான் வந்து இறங்கியதும் சித்தியடைந்த பிள்ளைகளின் பெயர்களை ஆளுக்கு ஆள் சொன்னீர்கள். யாருடைய மகள், எந்த லயம், எத்தனை ஏ என்று எல்லாம் சொன்னீர்கள். சந்தோஷம். சித்தியடையாத பிள்ளைகளின் பெயரைக் கேட்டபோது யாரும் வாய் திறக்கவில்லை. தலைவிதான் மெதுவாகச் சொன்னார், "அதுங்க கொழும்புக்குப் போகுதுங்க டீச்சர்" என்று.

வரும் வழியில் அப்படி ஒரு பையனைப் பார்த்தேன். சந்தியில் பஸ்ஸுக்கு நின்றான். தோளில் பள்ளிக்கூடப் பை, ஆனால் உள்ளே இருந்தது உடுப்பு. பக்கத்தில் அம்மா. "எங்கே தம்பி?" என்றேன். சாப்பாட்டுக் கடைக்காம், சாப்பாடும் தங்குமிடமும் அவர்களே தருவார்களாம். "எத்தனை பாடம் பாஸ்?" என்றேன். ஐந்து. கணக்கு டபிள்யூ, ஆங்கிலம் டபிள்யூ. அம்மா குறுக்கே சொன்னார்: "புள்ள பெயிலாப் போச்சு, இனி என்னத்தப் படிக்கிறது?" பஸ் வந்துவிட்டது. அதற்குமேல் பேச நேரம் கிடைக்கவில்லை. அவரிடம் சொல்ல நினைத்ததைத்தான் உங்களிடம் சொல்கிறேன்.

ஐந்து பாடத்தில் சித்தியடைந்த பிள்ளைக்குப் பெயில் என்று பெயர் வைக்காதீர்கள். பெறுபேறு வந்த அந்த மாதமே பையைக் கட்டாதீர்கள். அந்தப் பிள்ளைக்கு ஒரு வருடம் கொடுங்கள்.

எனக்கு அந்த ஒரு வருடம் கிடைத்தது. என் அம்மாவும் கொழுந்தெடுத்தவர்தான். நான் முதல் தடவை எழுதியபோது கணக்கு போய்விட்டது. கொழும்பில் ஒரு வீட்டில் பிள்ளை பார்க்கும் வேலை என்று ஆள் வந்து அப்பாவிடம் பேசி, முற்பணமும் தருவதாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தது. அம்மாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. "அடுத்த சோதனை வரைக்கும் இவள் எங்கேயும் போகமாட்டாள்" என்று மட்டும் சொன்னார். அந்த வருடம் முழுக்க வீட்டில் அதைப் பற்றிச் சண்டை. இரண்டாம் தடவை கணக்கில் எனக்குக் கிடைத்தது வெறும் எஸ். ஒரு சி கூட இல்லை. அந்த ஒரு எஸ்ஸில் ஏறித்தான் உயர்தரம் போனேன், ஆசிரியப் பயிற்சிக்குப் போனேன். ஆள் சொன்ன வேலைக்கு எனக்குப் பதிலாகப் பக்கத்து லயத்துப் பிள்ளை ஒன்று போனது. என் வயதுதான். அதற்கு மேல் அதைப் பற்றி என்னால் பேச முடியாது.

இந்த நாட்டில் இலவசக் கல்வி வந்தது 1945இல். தோட்டத்துப் பள்ளிக்கூடம் அப்போது அதற்கு வெளியே நின்றது. ஒரே அறை, ஒரே வாத்தியார், ஐந்தாம் வகுப்போடு சரி. கொழுந்துக் கூடைக்குக் கை வேண்டும் என்பதால் அதற்கு மேல் யாரும் கவலைப்படவில்லை. 1970களில் தோட்டங்கள் தேசியமயமான பிறகுதான் நமது பாடசாலைகளை அரசாங்கம் ஏற்கத் தொடங்கியது. மற்றவர்களைவிட ஒரு தலைமுறைக்கு மேல் பிந்தித்தான் நாம் ஓட்டத்தைத் தொடங்கினோம். நமது பிள்ளைக்கு ஒரு வருடம் கூடுதலாகத் தேவைப்பட்டால் அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 16 வயது வரை பிள்ளை பாடசாலையில் இருக்க வேண்டும். 2021ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி 16 வயது நிறையாத பிள்ளையை எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது. வீட்டு வேலையும் அதில் சேரும். ஆள் பிடிக்க வருகிறவர் "சும்மா ஒத்தாசைக்குத்தான்" என்பார். வயதைக் கேட்டால் பதினெட்டு என்று சொல்லச் சொல்லிக் கொடுப்பார். அப்படிப்பட்ட ஆள் லயத்துக்குள் வந்தால் தலைவருக்கோ தலைவிக்கோ உடனே சொல்லுங்கள்.

சரி, கொடுத்த ஒரு வருடத்தில் பிள்ளை என்ன செய்வது?

தவறிய பாடத்தைத் திரும்ப எழுதலாம். பாடசாலையை விட்டு விலகியிருந்தால் தனியார் பரீட்சார்த்தியாக எழுதலாம். விண்ணப்பத்துக்கு முடிவுத் திகதி உண்டு, அதற்குப் பிறகு ஓடி வந்து பயனில்லை. அதிபரிடமோ சங்கக் காரியாலயத்திலோ முன்கூட்டியே கேட்டு வையுங்கள். இன்னொரு வழி 13 வருட உத்தரவாதக் கல்வி. 2017இல் தொடங்கியது. சாதாரண தரப் பெறுபேறு எப்படி இருந்தாலும் 12ஆம் 13ஆம் தரத்தில் தொழிற்பாடம் படிக்கலாம். எல்லாப் பாடசாலையிலும் இது இல்லை. எந்தப் பாடசாலையில் இருக்கிறது என்று வலயக் கல்விக் காரியாலயத்தில் கேட்டால் சொல்வார்கள்.

மூன்றாவது தொழிற்பயிற்சி. பலர் இதைக் கடைசிப் பிள்ளைக்குக் கடைசி இடம் என்று நினைக்கிறீர்கள். என் மனதுக்கு அது சரியில்லை. தேசிய தொழிற்தகைமை, அதாவது என்.வீ.கியூ., 7 மட்டங்கள் கொண்டது. ஏழாம் மட்டம் பட்டத்துக்குச் சமம். வயரிங், பைப் வேலை, வெல்டிங், தையல், சமையல், முன்பள்ளி ஆசிரியர் என்று எத்தனையோ. தொழிற்பயிற்சி அதிகார சபையின் பயிற்சிகளில் பலவற்றுக்குச் சாதாரண தரத்தில் சித்தியடைந்திருக்க வேண்டும் என்று இல்லை.

ஆனால் பயிற்சி என்று போர்டு போட்ட இடத்தில் எல்லாம் காசைக் கட்டிவிடாதீர்கள். இரண்டு மாத வகுப்பு, பெரிய மண்டபத்தில் விழா, கழுத்தில் மாலை, கையில் பளபளப்பான சான்றிதழ். அதை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனால் "இது என்ன?" என்று கேட்பார்கள். நமது பிள்ளைகள் சிலர் அப்படி ஏமாந்து வந்திருக்கிறார்கள். சேருவதற்கு முன் ஒரே கேள்வி: இதற்கு என்.வீ.கியூ. கிடைக்குமா, எத்தனையாம் மட்டம்? பதில் இழுத்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

இங்கே உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்கும் ஒன்று. மேசன் வேலை, தச்சு வேலை, வயரிங் எல்லாம் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டவர்கள் நம்மில் எத்தனை பேர்! வெளியே வேலைக்குப் போனால் கையாள் சம்பளம்தான் தருகிறார்கள், ஏனென்றால் பத்திரம் இல்லை. முன்கற்றல் அங்கீகாரம் என்று ஒரு முறை இருக்கிறது. வகுப்புக்குப் போகத் தேவையில்லை. நீங்கள் செய்த வேலைகளுக்கு ஆதாரம் காட்ட வேண்டும், மதிப்பீட்டாளர் முன் செய்து காட்ட வேண்டும், தேறினால் அதே என்.வீ.கியூ. சான்றிதழ். நைட்டா என்று சொல்கிறோமே, தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபை, அவர்களிடம் விண்ணப்பிக்கலாம். படிவத்தைத் தமிழில் கேளுங்கள். 1987இலிருந்து தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. சிங்களப் படிவத்தை நீட்டினால் வாங்கிக்கொண்டு யாரையாவது தேடி ஓடுவது நமக்குப் பழகிவிட்டது. சிங்களம் படிப்பது வேறு விஷயம், அதையும் படியுங்கள். நம்மில் பலர் நன்றாகப் பேசுவோம், பஸ் போர்டைத் தாண்டி வாசிக்கத்தான் தெரியாது.

இந்தக் கதவுகள் எல்லாவற்றுக்கும் முதல் சாவி பிறப்புச் சான்றிதழ். அதில் ஒரு பெயர், பாடசாலைப் பதிவில் ஒரு பெயர், அம்மாவின் அடையாள அட்டையில் இன்னொரு பெயர் என்று இருக்கும். பரீட்சை நேரத்தில் அதைத் திருத்த ஓடினால் பிள்ளையின் படிப்பும் போகும், உங்கள் பேரும் போகும். பிள்ளைக்கு 15 வயதானதும் அதிபர் மூலமாக அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். எழுத்துப் பிழை இருந்தால் அதற்கு முன்பே பிரதேச செயலகத்தில் சரிசெய்யுங்கள். சங்கம் துணைக்கு வரும்.

இனிக் கஷ்டமான பகுதி. "ஒரு வருஷம் வீட்டில் வைத்துச் சோறு போட யாரால் முடியும்?" என்று அந்தப் பக்கம் ஒரு அக்கா முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. நியாயம். ஒரு வீட்டால் முடியாமல் இருக்கலாம். அதனால்தான் லயமாகச் செய்யச் சொல்கிறேன்.

குழு என்ற சொல்லைக் கேட்டாலே உங்களுக்கு வயிறு கலங்கும். வாரா வாரம் ஆள் வந்து உட்காரும் கடன் குழு அப்படிப் பண்ணிவிட்டது. ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவள் கட்ட வேண்டும். சொந்த அக்கா தங்கைகள் முகம் பார்க்காமல் போனதும் உண்டு. நான் அந்தக் குழுவைச் சொல்லவில்லை. நமது மரண உதவிச் சங்கத்தைப் பாருங்கள். மாதம் ஒரு சிறு தொகை, ஒரு கொப்பி, ஒரு பொருளாளர். சாவு விழுந்தால் கூடாரம், கதிரை, தேத்தண்ணி, பெட்டி எல்லாம் ஒரு மணித்தியாலத்தில் வந்துவிடும். யாரும் நமக்கு அதைச் சொல்லித் தரவில்லை, எந்த அதிகாரியும் வந்து பயிற்சி தரவில்லை. சாவுக்கு இவ்வளவு ஒழுங்காகக் கூடுகிற நமக்குப் படிப்புக்கு ஒரு கொப்பி போட முடியாதா?

வேறொரு தோட்டத்தில் செய்ததைச் சொல்கிறேன். முன்பள்ளிக் கட்டடம் பின்னேரம் சும்மா கிடந்தது. நிர்வாகத்திடம் எழுதிக் கேட்டுச் சாவியை வாங்கினார்கள். மாலை 6 மணிக்குப் பிள்ளைகள் வருவார்கள், 7.30க்கு முடியும். உயர்தரம் படிக்கிற பிள்ளைகள் சாதாரண தரக்காரர்களுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். வீட்டுக்கு ஒரு சிறு தொகை எடுத்து, தவறிய பிள்ளைகளின் பரீட்சைச் செலவுக்கும் பஸ் காசுக்கும் வைத்தார்கள். பழைய வினாத்தாள்களைத் தொலைபேசியில் எடுத்து ஒரு பிரதி மட்டும் அச்சடித்தார்கள். பாடநூல்கள் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் இலவசமாகவே இருக்கின்றன. கொரோனா காலத்தில் சிக்னல் தேடி மலை உச்சிக்கு ஏறிய பிள்ளைகளுக்கு இதெல்லாம் பெரிய வேலை இல்லை.

முதல் மாதமே அது முறியப் பார்த்தது. காரணம் படிப்பு இல்லை, இருட்டு. மேல் லயத்துப் பெண் பிள்ளைகள் தேயிலைக்குள்ளால் நடந்து போக வேண்டும். சிறுத்தை நடமாட்டம் வேறு. இரண்டு பேர் வராமல் நின்றதும் மற்றவர்களும் நின்றுவிட்டார்கள். பிறகு தாய்மார் முறை போட்டுக்கொண்டார்கள். ஒவ்வொரு நாளும் இரண்டு பேர் டோர்ச்சோடு வந்து காத்திருந்து கூட்டிக்கொண்டு போவார்கள். காத்திருக்கிற நேரத்தில் அந்த அம்மாமார் சும்மா இருக்கவில்லை. ஒருவர் தன் சம்பளச் சீட்டைக் கொண்டுவந்து ஒரு பிள்ளையிடம் வாசிக்கச் சொன்னார். எத்தனை பேர் விழுந்திருக்கிறது, முற்பணத்துக்கு எவ்வளவு கழித்தார்கள், சேமலாப நிதிக்கு எவ்வளவு என்று. அடுத்த மாதம் நான்கு பேர் கொண்டுவந்தார்கள். கைநாட்டுப் போட்டு வந்த ஒரு அக்கா இப்போது தன் பெயரைத் தானே எழுதிச் சம்பளம் வாங்குகிறார். அதில் ஒரு நாள் பேர் குறைந்திருந்ததைக் கண்டுபிடித்ததும் அவர்தான்.

கோயில் கமிட்டி ஆட்களும் இங்கே இருக்கிறீர்கள். கோபிக்காமல் கேளுங்கள். திருவிழாக் காலத்தில் பிள்ளைகள் நாள் கணக்கில் பாடசாலைக்குப் போவதில்லை, ஒலிபெருக்கி ராத்திரி வரைக்கும் போகிறது. சாமிக்குப் பாட்டுப் போட வேண்டாம் என்று சொல்லவில்லை. பரீட்சைக்கு முந்திய அந்தக் கொஞ்ச வாரம் மட்டும் 6 மணியிலிருந்து 7.30 வரை அணைத்து வையுங்கள். டீவியையும் அதே நேரம் அணைக்கச் சொல்லித் தாய்மாரிடம் கேட்கலாம். நாடகம் பார்க்கிறவர்கள் என்னைத் திட்டுவீர்கள், பரவாயில்லை.

சித்தியடைந்த பிள்ளைகளின் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பக்கத்துப் பாடசாலையில் விஞ்ஞானப் பிரிவு இல்லை என்பதற்காக விருப்பமில்லாத பாடத்தில் சேர்த்துவிடாதீர்கள். சேர்வதற்கு முன் எங்களோடு பேசுங்கள், மற்றப் பாடசாலைகளையும் விசாரிப்போம்.

இன்றைக்கு இரண்டு வேலை. மேசையில் ஒரு கொப்பி இருக்கிறது. தவறிய பிள்ளைகளின் பெயர், லயம், எந்தப் பாடம் என்று தலைவி எழுதுவார். வெட்கப்படாமல் சொல்லுங்கள், பிள்ளை ஏற்கனவே கொழும்புக்குப் போயிருந்தாலும் சொல்லுங்கள். கூப்பிட்டுப் பேசிப் பார்க்கலாம். முன்பள்ளிச் சாவிக்கு நிர்வாகத்துக்கு எழுதிய கடிதம் பக்கத்தில் இருக்கிறது, அதில் கையொப்பம் வைத்துவிட்டுப் போங்கள். எழுதத் தெரியாதவர்கள் இன்றைக்குக் கைநாட்டு வைக்கலாம். அடுத்த ஞாயிறு காலை 9 மணிக்கு நான் திரும்ப வருவேன். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழையும் பெறுபேற்றுத் தாளையும் கொண்டுவாருங்கள். சந்தியில் பார்த்த அந்தப் பையனின் வீடு யாருக்காவது தெரிந்தால் கூட்டம் முடிந்ததும் எனக்குக் காட்டுங்கள்.