பசுவின் வயிற்றில் விளையும் விற்றமின்

மனிதன் பி வகை விற்றமின்களைப் பெரும்பாலும் உணவிலிருந்தே பெறல் வேண்டும். பசுவின் நிலை வேறு. அதன் முதலிரைப்பையில் வாழும் எண்ணற்ற நுண்ணுயிர்கள், புல்லையும் வைக்கோலையும் நொதிக்கச் செய்து, இவ்விற்றமின்களைத் தாமே ஆக்கி அளிக்கின்றன.

ஆயினும் அவற்றுக்கும் மூலப்பொருள் வேண்டும். மேற்கு அவுஸ்திரேலியாவில், டென்மார்க் என்னும் ஊரையடுத்த நிலங்களில், புல் செழித்திருந்தும் மாடுகள் மெலிந்து மாண்டன. இரும்புக் குறைவென எண்ணி இரும்புத் தாதைக் கொடுத்தனர்; மாடுகள் தேறின. குணமளித்தது இரும்பன்று, அதனுடன் சிறிதளவு கலந்திருந்த கோபாற்று என்னும் உலோகமே என்பதை அண்டர்வுட், பில்மர் என்போர் 1935இல் காட்டினர். 1948இல் விற்றமின் பி 12 பிரித்தெடுக்கப்பட்ட பின்னரே காரணம் தெளிவாயிற்று. அவ்விற்றமினின் நடுவில் அமைந்திருப்பது கோபாற்று அணுவே. மண்ணில் அது குன்றினால் நுண்ணுயிர்கள் பி 12ஐ ஆக்கமாட்டா.

இன்று மிகுதியாகப் பால் சுரக்கும் பசுக்களுக்கு, சிறப்பாகக் கன்றீன்ற முதல் வாரங்களில், இவ்வுள் விளைச்சல் எப்போதும் போதுமென்று கூறுவதற்கில்லை. நாள்தோறும் 20 மில்லிகிராம் பயோட்டின் பல மாதங்கள் கொடுத்துவரின் குளம்புகள் உறுதி பெறுகின்றன. ஆனால் தீவனத்தில் கலக்கும் பி விற்றமின்கள் பலவற்றின் பெரும்பகுதி முதலிரைப்பையிலேயே சிதைந்துவிடும். ஆதலால் சிலவற்றைக் காப்புறையிட்டு அளிக்கின்றனர்.

நார்த்தீனைக் குறைத்துத் தானியத்தை அளவுமீறிக் கொடுப்பவர் இரைப்பையில் அமிலத்தைப் பெருக்கி, அந்நுண்ணுயிர்களையே நலிவிக்கின்றனர். பின்னர் விற்றமினுக்குப் பணம் செலவிட்டுப் பயனென்ன? முதலில் நல்ல புல்லும் கனியுப்புக் கலவையும். அதன் பின்னரே, மிருக வைத்தியரின் ஆலோசனையுடன், விற்றமின்.