விலையைக் கேட்கும் முன்னே தண்ணீரின் சூட்டைப் பாருங்க

(கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில், வண்ணமீன் வளர்க்கும் குழு ஒன்றின் பிரதிநிதி பேசியது. உறுப்பினர்கள் பலர் கேட்டுக்கொண்டதால் இங்கே தருகிறோம்.)



எங்க குழுவில் பத்துப் பேர். நாலு வருஷமா வண்ணமீன் வளர்க்கிறோம். கப்பி, மோலி, பிளாட்டி மூணும்தான் எங்க தொழில். ஆறு சிமெண்ட் தொட்டி, மேலே பச்சை வலைப் பந்தல். இன்னிக்கு நான் பேச வந்தது எங்க லாபத்தைப் பத்தி இல்லை. நாங்க செய்த ஒரு தப்பைப் பத்தி. அது நம்ம எல்லாருக்கும் ஆகும்னு செயலாளர் அக்கா சொன்னதால எழுந்து நிக்கிறேன்.

போன வருஷம் தை மாசம், எங்ககிட்ட மீன் எடுக்கிற டவுன் கடைக்காரத் தம்பி ஒரு படத்தைக் காட்டினார். வெள்ளை உடம்பு, நாலு குட்டிக் கால், தலையின் ரெண்டு பக்கமும் இறகு மாதிரி சிவப்பாக் கொத்துக் கொத்தா ஏதோ நீட்டிக்கிட்டு இருக்கு. வாய் சிரிக்கிற மாதிரி. "இதுக்குப் பேரு ஆக்ஸலாட்டில். கப்பிக்கு நீங்க வாங்குறது ரூபாய்க் கணக்கு. இது ஆயிரக் கணக்கு. குஞ்சு எடுத்துக் கொடுங்க, எல்லாத்தையும் நான் வாங்கிக்கிறேன்"னு சொன்னார்.

அந்த வாரக் கூட்டத்தில் வேற பேச்சே இல்லை. அறுபதாயிரம் கடன் கேட்டு தீர்மானம் எழுத நோட்டை எடுத்துட்டோம். அப்ப எங்க குழுவின் மூத்த அக்கா மட்டும், "கோழி வாங்கினாக்கூட ரெண்டை வளர்த்துப் பார்த்துட்டுத்தானே பத்து வாங்குறோம்? இதையும் ரெண்டு வாங்கிப் பாப்போம். சித்திரை தாண்டட்டும், அப்புறம் கடனைப் பத்திப் பேசலாம்"னு சொல்லி நோட்டை மூடிட்டாங்க. அன்னிக்கு எங்களுக்குக் கோபம்தான் வந்தது. இன்னிக்கு அந்த அக்கா கையைப் பிடிச்சுக் கும்பிடத் தோணுது.

ரெண்டு ஆக்ஸலாட்டில் வந்தது. எழுபது லிட்டர் கண்ணாடித் தொட்டியில் விட்டோம். எங்க ஊர்ப் பிள்ளைங்க எல்லாம் வந்து பார்த்துட்டுப் போனாங்க. தை மாசக் காலையில் தண்ணி 23 டிகிரி. நல்லாத்தான் இருந்தது.

முதல்ல இது என்ன உயிர்னு சொல்லிடறேன். பாக்க மீன் மாதிரி இருந்தாலும் இது மீன் இல்லை. தவளைக்குச் சொந்தம். நம்ம குட்டையில் தலைப்பிரட்டை இருக்கே, அது வளர்ந்ததும் கரையேறித் தவளையாகிடும். இது அப்படிக் கரையேறுவது இல்லை. குட்டியா இருந்தப்ப இருந்த செவுளோடயே வளர்ந்து, தண்ணிக்குள்ளேயே முட்டை போட்டு, தண்ணிக்குள்ளேயே ஆயுசு முடியும். இறகு மாதிரித் தெரிஞ்சதே, அதுதான் செவுள். கால் துண்டாப் போனாக்கூடத் திரும்ப முளைக்கும்.

அதோட சொந்த ஊர் மெக்சிகோ நாட்டில், மெக்சிகோ நகரத்தின் தெற்குப் பகுதியில் இருக்கிற சோச்சிமில்கோ என்ற ஏரிப் பகுதி. அது கடல் மட்டத்தில் இருந்து 2,200 மீட்டருக்கு மேலே. கிட்டத்தட்ட நம்ம ஊட்டி உயரம். ஊட்டித் தண்ணியில் காலை வச்சா எப்படி இருக்கும்? அந்தக் குளிர்ச்சியில் பிறந்த உயிர் இது. நகரம் பெருத்து, ஏரியைத் தூர்த்து, தண்ணி கெட்டு, அங்கேயே இன்னிக்கு இது அழியிற நிலைமையில் இருக்கு. அதுக்கு ஏத்த சூடு 16 முதல் 18 டிகிரி. 20 வரைக்கும் சமாளிக்கும். 24-க்கு மேலே போனா அதுக்கு நோய்க் காலம். இதையெல்லாம் நாங்க வாங்கின பிறகுதான் தெரிஞ்சுக்கிட்டோம். வாங்குறதுக்கு முன்னே கேட்டது விலையை மட்டும்தான்.

மாசி போச்சு, பங்குனி வந்தது. ஒரு நாள் மத்தியானம் தெர்மாமீட்டர் 31 காட்டினது. ரெண்டும் தீனி எடுக்கலை. செவுள் முன்பக்கமா வளைஞ்சிருந்தது. வால் நுனி சுருண்டிருந்தது. ஒண்ணுக்குச் செவுளில் பஞ்சு ஒட்டின மாதிரி வெள்ளையாப் பூஞ்சை. எனக்குக் கையும் ஓடலை காலும் ஓடலை. ஐஸ் கம்பெனிக்கு ஆளை அனுப்பி அஞ்சு கிலோ ஐஸ் வாங்கி, உடைச்சு அப்படியே தொட்டியில் கொட்டினேன். அரை மணியில் 31-ல் இருந்து 24-க்கு இறங்கினது. அப்பாடான்னு தூங்கப் போனேன். விடிஞ்சு பார்த்தா பூஞ்சை பிடிச்சிருந்தது செத்துக் கிடந்தது.

மீன் வளர்ப்புப் பயிற்சியில் எங்களுக்குப் பாடம் எடுத்த அண்ணனுக்கு போன் போட்டேன். "சூடு பாதி கொன்னுச்சு, நீங்க அவசரப்பட்டது மீதி கொன்னுச்சு. வெயிலில் வந்த மனுஷனைப் பனிக்கட்டியில் தள்ளினா என்ன ஆகும்?"னு கேட்டார். மனசு சுருக்குனு இருந்தது. ஆனா அன்னிக்கு அவர் சொல்லிக்கொடுத்ததுதான் ரெண்டாவதைக் காப்பாத்தினது. எங்க கப்பியையும் மோலியையும் காப்பாத்தினதும் அதேதான். அதனால கொஞ்சம் விவரமாச் சொல்றேன்.

தண்ணி சூடானா ஏன் உயிர் போகுது? முதல் காரணம் மூச்சு. 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணி சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயுவைப் பிடிச்சு வைக்கும். 30 டிகிரியில் ஏழரைதான். சூடு ஏற ஏற உடம்புக்கு மூச்சு அதிகமாத் தேவை. ஆனா தண்ணியில் இருக்கிறது குறைஞ்சுகிட்டே போகுது. வரவு குறைஞ்சு செலவு கூடின குடும்பம் மாதிரிதான். ரெண்டாவது காரணம் அழுக்கு. மிச்சத் தீனியும் கழிவும் அழுகி அம்மோனியா ஆகுது. அதே அம்மோனியா சூடான தண்ணியில் கூடுதல் விஷம்.

குளிர வைக்க நாங்க செய்தது இது.

தொட்டியை இடம் மாத்தினோம். ஓட்டு வீட்டின் வடக்குப் பக்கத்து அறை, வெயில் விழாத மூலை. தொட்டி விளக்கை எடுத்துட்டோம். அந்த உயிருக்கு வெளிச்சமே பிடிக்காது. மூணு பக்கமும் தெர்மோகோல் அட்டை வச்சு ஒட்டினோம். கண்ணாடி மூடியை எடுத்துட்டு கொசுவலை கட்டினோம்.

அடுத்தது மின்விசிறி. மண்பானைத் தண்ணி ஏன் குளிருது? பானை மேலே கசிஞ்ச ஈரம் ஆவியாகும்போது சூட்டை எடுத்துட்டுப் போகுது. தொட்டித் தண்ணியின் மேலே படுற மாதிரி சின்ன டேபிள் பேனை வச்சா அதே வேலை நடக்கும். எங்க பக்கம் வறண்ட காத்து, அதனால மூணு டிகிரி இறங்கினது. கடலோரத்து அக்காமார்களுக்கு இந்த அளவுக்கு இறங்காது, அங்கே காத்திலேயே ஈரம் இருக்கு. பேன் வச்சா தண்ணி சீக்கிரம் குறையும். தினமும் நிரப்பணும்.

பிறகு ஐஸ் பாட்டில். ரெண்டு லிட்டர் பாட்டிலில் தண்ணி நிரப்பி, மூடி இறுக்கி, உறைய வச்சு, பாட்டிலோட தொட்டியில் மிதக்க விடணும். ஒரு நேரத்துக்கு ஒண்ணுதான். ஒரு பாட்டில் எங்க தொட்டியில் ரெண்டு டிகிரி மெதுவா இறக்கும். உருகினதும் அடுத்தது. ஐஸைத் தண்ணியில் நேராக் கொட்டவே கூடாது.

தண்ணி மாத்துறதும் முக்கியம். வாரம் ஒரு தடவை அஞ்சில் ஒரு பங்கு மட்டும் மாத்தணும். குழாய்த் தண்ணியில் பிளீச்சிங் பவுடர் இருக்கும். ஒரு நாள் முழுக்க அகலமான பாத்திரத்தில் வச்சு வாடை போன பிறகு ஊத்தினோம். செம்புக் குடத்தில் மட்டும் பிடிச்சு வைக்காதீங்க. நமக்கு நல்லதுன்னு நினைக்கிற செம்பு, மீனுக்கும் இந்த உயிருக்கும் விஷம். புதுத் தொட்டி என்றால் பழைய தொட்டியின் ஸ்பான்ஜ் பில்டரைக் கொண்டுவந்து போடுங்க. பாலுக்கு உறை மோர் மாதிரி, அழுக்கைத் தின்னுகிற நல்ல நுண்ணுயிர் அதில் இருக்கு.

தீனிக்கு மண்புழு நல்லது. நம்ம உரக்குழியில் இருக்கிற சிவப்புப் புழுவைப் போட்டுப் பார்த்தோம். கசப்போ என்னவோ, வாயில் வாங்கி துப்பிடுச்சு. தோட்டத்து மண்புழுவைக் கழுவிப் போட்டதும் எடுத்துக்கிச்சு. பூச்சிமருந்து அடிச்ச நிலத்துப் புழு வேண்டாம். தொட்டி அடியில் பொடிக்கல்லும் வேண்டாம், தீனியோட சேர்த்து முழுங்கிடும். கூட மீனையும் விடாதீங்க, செவுளைக் கடிக்கும்.

இதையெல்லாம் முறை வச்சுச் செய்தோம். பகலில் ரெண்டு பேர், ராத்திரி ஒருத்தர். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தா முழிச்சிருக்கிற மாதிரி முழிச்சிருந்தோம். எங்க குழுவில் ஒரு வீட்டில்தான் பிரிட்ஜ். அதில் இட்லி மாவுக்கு இடமில்லாம ஐஸ் பாட்டில்தான். அந்த வீட்டுக்கார அண்ணன், "மீனுக்கு ஏசி போட்டாச்சு, எனக்கு மோர்கூட இல்லையா?"னு கேட்டார். சிரிச்சோம். ஆனா கணக்கு நோட்டைப் பார்த்தப்ப சிரிப்பு வரலை.

இவ்வளவு பாடுபட்டும் தண்ணி 23, 24-க்குக் கீழே இறங்கலை. சித்திரையில் ஒரு நாள் மூணு மணி நேரம் கரண்ட் இல்லை, 28 ஆகிடுச்சு. அதுக்கு 18 டிகிரி வேணும்னா சில்லர் மெஷின்தான் வழி. மெஷின் விலையை விடுங்க. 200 வாட் மெஷின் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடினா மாசத்துக்கு 72 யூனிட். அது ஒரு தொட்டிக்கு. குஞ்சுகள் ஒண்ணோட காலை ஒண்ணு கடிக்கும், பிரிச்சுப் பிரிச்சு வைக்கணும். எத்தனை தொட்டி, எத்தனை மெஷின்? கரண்ட் போனா அத்தனையும் போச்சு. கடனுக்குத் தவணை மட்டும் நிக்காது.

இன்னொரு விஷயமும் பயிற்சி அண்ணன் சொல்லித்தான் தெரிஞ்சது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தை 2022-ல் திருத்தினாங்க. 2024-ல் பதிவு விதிகள் வந்தது. ஆக்ஸலாட்டில் போல அந்தப் பட்டியலில் இருக்கிற வெளிநாட்டு உயிர்களை வாங்கினா 30 நாளுக்குள் பரிவேஷ் என்ற மத்திய அரசு இணையதளத்தில் பதியணும். குஞ்சு பொரிச்சாலும், செத்தாலும், கைமாத்தினாலும் தெரிவிக்கணும். கடைக்காரத் தம்பி இதைச் சொல்லலை. நாங்களும் கேட்கலை. கேட்காதது எங்க தப்பு.

மிஞ்சின ஒண்ணை, சில்லர் வசதி வச்சு முறையாப் பதிஞ்சு வளர்க்கிற ஒருத்தர்கிட்ட எழுத்துமூலம் ஒப்படைச்சோம். கிணத்திலோ கண்மாயிலோ விடவே கூடாதுன்னு உறுதியா இருந்தோம். விட்டா நம்ம சூட்டில் அது சாகும், அதோட நோய் நம்ம மீனுக்கும் தவளைக்கும் வரலாம். அது போன அன்னிக்கு எங்க வீட்டுச் சின்னப் பொண்ணு அழுதுச்சு. நான் நிம்மதியாத் தூங்கினேன்.

எங்களுக்கு நஷ்டம் ரெண்டு உயிரின் விலையும் ஒரு மாசத் தூக்கமும். அந்த அக்கா நோட்டை மூடலைன்னா அறுபதாயிரம் கடன் ஆகியிருக்கும்.

ஆனா கத்துக்கிட்டது வீண்போகலை. எங்க சிமெண்ட் தொட்டிகளுக்கு வெளிப்பக்கம் கோணிச் சாக்கைச் சுத்தி, மத்தியானம் தண்ணி தெளிக்கிறோம். வெயில் நாளில் தீனியைப் பாதியாக் குறைச்சு காலையில் மட்டும் போடறோம். தண்ணி சாயங்காலம்தான் மாத்துறோம். காத்து மோட்டாரை ராத்திரி நிறுத்துறது இல்லை. கப்பியும் மோலியும் 28 டிகிரியில் சுகமா இருக்கிற உயிர். முன்னெல்லாம் சித்திரையில் கூடை கூடையா அள்ளி எறிவோம். இந்தச் சித்திரையில் கை விட்டு எண்ணுற அளவுதான் செத்தது.

அக்காமார்களே, நாளைக்கு உங்க ஊருக்கும் யாராவது வருவாங்க. முயலோ, காடையோ, புதுசா ஒரு செடியோ காட்டி, "ஆயிரக் கணக்கில் வரும்"னு சொல்வாங்க. வேண்டாம்னு நான் சொல்லலை. அந்த உயிர் எந்த ஊர்ச் சூட்டில் பிறந்தது, நம்ம சித்திரை வெயிலைத் தாங்குமா, அதை வளர்க்கச் சட்டத்தில் இடம் இருக்கா, இந்த மூணையும் கேளுங்க. ரெண்டை வளர்த்துப் பாருங்க, ஒரு கோடை தாண்டட்டும். அதுக்கு அப்புறம் தீர்மான நோட்டைத் திறங்க.

ஒரு தெர்மாமீட்டர் பெரிய விலை இல்லை. அதை முதல்ல வாங்குங்க.